இன்டென்சிவ் இங்கிலிஷ் கோர்ஸ்: எல்லையோரத்து மாணவர் எதைப் பார்த்து வாங்குவது?

குழித்துறையில் தொடங்கி தம்பானூர் வரை நெடுஞ்சாலையோரக் கன்சல்டன்சிகளில், ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலிஷ் தகுதித் தேர்வைப் பற்றி ஒரு பேச்சு வாடிக்கையாகக் காதில் விழும்: “ஐஇஎல்டிஎஸ் இல்லாமலே போகலாம் மக்கா, இங்கிலிஷை அங்க போய்ப் படிச்சுக்கலாம்.” பாறசாலை தாண்டினால் ‘மக்கா’வுக்குப் பதில் ‘மோளே’, சரக்கு ஒன்றுதான். பொய்யும் இல்லை. அப்படி ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் அதற்கு இன்டென்சிவ் இங்கிலிஷ் புரோகிராம் என்று பெயர், பிரிட்டனில் ப்ரீ-செஷனல், ஆஸ்திரேலியாவில் எலிகோஸ். கனடாவிலும் அயர்லாந்திலும் மொழிப்பள்ளி என்றே சொல்வார்கள். வாங்கத் தகுந்ததா என்பதுதான் இங்கே கேள்வி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பல்கலைக்கழக இடம் கையில் இருந்து, ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணில் அரை பேண்டோ ஒரு பேண்டோ (பேண்ட் என்பது அந்தத் தேர்வின் மதிப்பெண் அலகு) மட்டும் குறைகிறவருக்கு இது நல்ல சரக்கு. இடம் எதுவும் இல்லாமல் ‘முதலில் மொழி, மற்றதை அப்புறம் பார்க்கலாம்’ என்று கிளம்புகிறவருக்கு இது விலை அதிகமான ஏற்பாடு, விசாவிலேயே இடறும் வாய்ப்பும் பெரிது.

இந்தக் கோர்ஸ்களை யாருக்காக வடிவமைத்தார்கள் என்று பார்த்தால் காரணம் புரியும். சவுதி, கொரியா, ஜப்பான், பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து, பள்ளிப் படிப்பைத் தங்கள் மொழியில் முடித்துவிட்டு வருகிறவர்களுக்காக உருவானவை இவை. நாகர்கோவில் பக்கத்து மாணவர் 12 வருடம் இங்கிலிஷ் பாடம் படித்தவர், பாதிப்பேர் இங்கிலிஷ் மீடியம். இலக்கணப் பயிற்சித் தாளைக் கொடுத்தால் முடித்துவிடுவார். எதிரில் இருப்பவர் வேகமாகப் பேசினால் காதில் பிடிக்காது, பதில் சொல்ல வாய் வராது, 250 வார்த்தைக் கட்டுரையில் வாதம் ஓடாது. ஆக அவருக்குத் தேவை மேல்நிலை வகுப்புகள் மட்டும். கீழ்நிலை வகுப்புகளுக்குக் கட்டும் பணம் வீண்.

அங்கேதான் நுழைவு நிலைத் தேர்வு முக்கியமாகிறது. போய்ச் சேர்ந்த முதல் சில நாட்களில் ஒரு தேர்வு வைத்து எந்த நிலையில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வார்கள். ஆஃபர் லெட்டரில் இருக்கும் ‘16 வாரம்’ பல இடங்களில் வெறும் மதிப்பீடுதான். தேர்வில் ஒரு நிலை கீழே விழுந்தால் கூடுதலாக ஒரு செஷன், கூடுதல் கட்டணம், கூடுதல் வாடகை. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. தேர்வு முழுக்க இலக்கணக் கேள்வியாக இருந்தால் நம்மவர் உயர்ந்த நிலையில் போய் அமர்ந்துவிட்டு, லெக்சர் கேட்கும் வகுப்பில் திணறுவார். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து நான்குக்கும் தனித்தனியே நிலை பிரிக்கும் பள்ளியா, எல்லாவற்றுக்கும் ஒரே நிலையா என்று சேரும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். தனித்தனியே பிரிக்கும் பள்ளிதான் நம் மாணவருக்குப் பொருந்தும்.

மணிக்கணக்கு

விளம்பரத்தாளில் நகரத்தின் படம் பெரிதாக இருக்கும். நீங்கள் வாங்குவது வகுப்பு நேரத்தை. அதில் ஒரு பழைய வித்தை உண்டு: ‘வாரம் 20 பாடம்’ என்பது 20 மணி நேரம் அல்ல. ஒரு பாடம் 45 நிமிடம் என்றால் அது 15 மணி நேரம். 50 நிமிடம் என்றால் 16 மணி 40 நிமிடம். இரண்டு பள்ளிகளை ஒப்பிடும்போது மொத்தக் கட்டணத்தை உண்மையான மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்தது பல நேரம் மலிவாக இருக்காது.

ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள். ஐஇஎல்டிஎஸ் 4 முதல் 5 வரை என்றால் பி1, 5.5 முதல் 6.5 வரை என்றால் பி2, 7 தொட்டால் சி1. கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீட்டில் ஒரு படி ஏறுவதற்கு ஏறக்குறைய 200 மணி நேர வகுப்பு தேவை: பி1 வரை மொத்தம் 350 முதல் 400, பி2 வரை 500 முதல் 600, சி1 வரை 700 முதல் 800. வாரம் 18 மணி நேரம் நடக்கும் 8 வாரச் செஷன் 144 மணி நேரம்தான். அதனால் ‘எட்டு வாரத்தில் ஒரு லெவல்’ என்று சொல்லும் பள்ளியின் லெவல், ஐரோப்பிய அளவுகோலின் படியைவிடச் சிறியது. உங்கள் லெவல் 4 எந்தப் படிக்குச் சமம், லெவல் 6 முடித்தால் எங்கே நிற்பேன் என்று கேளுங்கள். நல்ல பள்ளி ஓர் அட்டவணையை அனுப்பும்.

கடைசியில் கதவு எங்கே திறக்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கோர்ஸை முடித்த பிறகு மறுபடி ஐஇஎல்டிஎஸ் எழுத வேண்டுமா? ‘எங்கள் சான்றிதழை நிறையப் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன’ என்ற வாக்கியத்துக்கு மதிப்பில்லை. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டப்படிப்பு, எந்த லெவலை என்ன மதிப்பெண்ணோடு முடித்தால் இங்கிலிஷ் தேர்வு தேவையில்லை என்பது சேர்க்கைக் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நர்சிங் முடித்தவர்கள் இதில் தனியாகக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழகம் ஏற்பது வேறு, பதிவு கவுன்சில் ஏற்பது வேறு. பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான இங்கிலிஷ் தேர்வு) அல்லது ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணைப் பார்க்கும்: ஐஇஎல்டிஎஸ் என்றால் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7. மொழிப்பள்ளியின் சான்றிதழைக் காட்டி அந்த மதிப்பெண்ணைத் தாண்ட முடியாது.

எந்த நாடு

பிரிட்டனின் ப்ரீ-செஷனல்தான் இங்கிருந்து போகிறவர்களுக்குப் பெரும்பாலும் சரியான அளவு. பல்கலைக்கழகமே நடத்துகிறது, 6 வாரம், 10 வாரம் என்று குறுகியது. அரை பேண்ட் குறைந்தால் 6 வாரம், ஒரு பேண்ட் குறைந்தால் 10 அல்லது 12 வாரம் என்பது அங்கே பரவலான கணக்கு. லெக்சர் கேட்டுக் குறிப்பெடுப்பது, மேற்கோள் காட்டி எழுதுவது, செமினாரில் பேசுவது என்று பட்டப்படிப்புக்கு வேண்டியதையே நேராகப் பழக்குவார்கள். முடிவில் நடக்கும் மதிப்பீட்டில் தேறினால் அப்படியே செப்டம்பர் வகுப்புக்குப் போகலாம். தேறாவிட்டால் பட்டப்படிப்பு இடமும் போய்விடும். பிரசுரத்தில் இதைச் சிறிய எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். தரத்துக்கு பேலீப் என்ற அமைப்பின் அங்கீகாரத்தைப் பாருங்கள். தனியார் மொழிப்பள்ளி என்றால் பிரிட்டிஷ் கவுன்சில் அங்கீகாரம் வேண்டும்.

பணம் வீணாகும் இடம் ஒன்று இதில் உண்டு. விசா எடுத்து நேரில் போய்ப் படிக்கும் ப்ரீ-செஷனலுக்கு ‘ஐஇஎல்டிஎஸ் ஃபார் யூகேவிஐ’ (பிரிட்டன் விசாத் துறைக்கான ஐஇஎல்டிஎஸ்) என்ற வகைத் தேர்வைக் கேட்பது வழக்கம். கேள்வி வகை, மதிப்பெண் முறை எல்லாம் சாதாரண ஐஇஎல்டிஎஸ் போலவேதான். ஆனால் சாதாரணத் தேர்வின் சான்றிதழை அங்கே ஏற்க மாட்டார்கள். அதை எழுதிவிட்டுப் பிறகு தெரிந்துகொண்டால் இன்னொரு தேர்வுக் கட்டணம். முதல் தடவை பதிவு செய்யும்போதே எது தேவை என்று பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் 11 மாதம் வரை இங்கிலிஷ் மட்டும் படிக்க ஒரு குறுகியகால விசாவும் பிரிட்டனில் உண்டு. அதில் வேலை செய்ய முடியாது, நீட்டிக்கவும் முடியாது. ‘அங்க போன பிறகு மாத்திக்கலாம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் சட்டம் மாணவர் பக்கம் நிற்கிறது. எலிகோஸ் என்றால் வாரம் குறைந்தது 20 மணி நேரம் நேரடி வகுப்பு. பள்ளியும் கோர்ஸும் கிரிகோஸ் என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்த எண்ணை நீங்களே இணையத்தில் தேடிச் சரிபார்க்கலாம். பள்ளி மூடிப்போனால் கட்டணப் பாதுகாப்புத் திட்டம் வேறு இடமோ மீதிப் பணமோ தரும். விசா மறுக்கப்பட்டால் பள்ளி பிடித்துக்கொள்ளக்கூடியது கட்டணத்தில் 5 சதவீதம் அல்லது 500 டாலர், இரண்டில் எது குறைவோ அது. மற்ற நாட்டு ரீஃபண்ட் விதிகளைப் படித்த பிறகு இது எவ்வளவு நல்ல விதி என்று தெரியும். ஆனால் நுழைவாயில் இறுகிவிட்டது. 2024 மார்ச்சில் மாணவர் விசாவுக்கான ஐஇஎல்டிஎஸ் 5.5இலிருந்து 6 ஆனது, எலிகோஸோடு சேர்த்து எடுக்கும் பேக்கேஜுக்கு 4.5இலிருந்து 5 ஆனது. விசாக் கட்டணமும் 2025 ஜூலையில் 2000 ஆஸ்திரேலிய டாலரைத் தொட்டது. அந்தப் பணம் விசா கிடைக்காவிட்டாலும் திரும்பாது. எலிகோஸில் வருகை 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 10 வாரக் கோர்ஸின் நடுவே அக்கா கல்யாணத்துக்கு இரண்டு வாரம் ஊருக்கு வந்து போனால் 20 சதவீதம் அதிலேயே முடிந்தது. அதற்கு மேல் ஒரு காய்ச்சலுக்குக்கூட இடமில்லை.

அமெரிக்காவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அதிகம் தவறாகச் சொல்லப்படுவது அதுதான். மொழிப்பள்ளி மாணவருக்கும் எஃப்-1 என்ற மாணவர் விசா உண்டு. வாரம் 18 மணி நேர வகுப்பு என்பது குடியேற்ற விதியிலேயே உள்ள குறைந்தபட்சம். லேப் பயிற்சி அதிகமான கோர்ஸுக்கு 22. 2010இல் வந்த சட்டப்படி மொழிப்பள்ளிக்கு அங்கீகாரம் கட்டாயம். தனிப் பள்ளி என்றால் சிஇஏ அல்லது ஏசிசெட் என்ற அங்கீகார அமைப்பின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இதுவரை நல்லது.

சிக்கல் ஐ-20 படிவத்தில், அதாவது விசாவுக்காகப் பள்ளி தரும் சேர்க்கைச் சான்றில். மொழியை முடித்தால் இடம் என்ற நிபந்தனைச் சேர்க்கை கிடைத்தாலும், பட்டப்படிப்புக்கான தகுதி முழுதாக வராதவருக்குப் பல்கலைக்கழகம் பட்டப்படிப்பு ஐ-20 தரக் கூடாது என்று 2016இலேயே தெளிவாக்கிவிட்டார்கள். கையில் கிடைப்பது மொழிப் படிப்புக்கான ஐ-20. மொழியை முடித்த பிறகு புது ஐ-20. ஆகவே கேரளக்காரரானாலும் குமரி மாவட்டத்துக்காரரானாலும் சென்னைத் தூதரக ஜன்னலில் நிற்கும்போது தாளில் இருப்பது ‘இங்கிலிஷ் பயிற்சி’. பட்டம் வரை இங்கிலிஷ் மீடியத்தில் படித்த இந்தியர் இங்கிலிஷ் படிக்க ஏன் இவ்வளவு தூரம் வருகிறார் என்ற கேள்விக்கு அந்த ஜன்னலில் ஒன்றிரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும். நிபந்தனைச் சேர்க்கைக் கடிதம், துறை, பணம் வரும் வழி, திரும்பி வரும் காரணம் நான்கும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் 214(பி) பிரிவில் (ஊர் திரும்புவார் என்று நம்ப முடியவில்லை என்று) மறுப்புதான். செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவேடு) கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பம் 185 டாலர், இரண்டும் போனது போனதுதான்.

இன்னொன்று: மொழிப் பயிற்சி மாணவருக்கு ஓபிடியும் (பொதுவாகப் படிப்பு முடிந்தபின் வேலைப் பயிற்சி) இல்லை, சிபிடியும் (படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சி) இல்லை. வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேர வேலைக்கு விதி இடம் தருகிறது, ஆனால் வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில் நடக்கும் மொழிப்பள்ளியில் வளாக வேலை எங்கிருந்து வரும்? 2016இல் சவுதி அரசு உதவித்தொகையை இறுக்கிய பிறகு மாணவர் எண்ணிக்கை சரிந்து பல பல்கலைக்கழகங்கள் மொழிப் பிரிவையே மூடிவிட்டன. அதனால் பழைய பிரசுரத்தை நம்பாமல், அடுத்த செஷனுக்கு உங்கள் நிலையில் உண்மையில் வகுப்பு நடக்குமா, எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேளுங்கள். ஆள் குறைந்தால் இரண்டு நிலைகளை ஒரே அறையில் சேர்த்துவிடுவது நடக்கிற காரியம்.

அயர்லாந்தில் 25 வாரம், வாரம் 15 மணி நேரம், மொத்தம் 375 மணி நேரம். அரசின் தகுதிப் பட்டியலில் உள்ள கோர்ஸாக இருக்க வேண்டும், 85 சதவீத வருகை வேண்டும், வகுப்பு நாட்களில் வாரம் 20 மணி நேர வேலை உண்டு. விசா தேவையில்லாத பிரேசில்காரர்களுக்கு இது சௌகரியம். இந்தியர் இங்கிருந்தே விசா வாங்கிப் போக வேண்டும், அமெரிக்காவில் கேட்ட அதே ‘ஏன்’ இங்கேயும் வரும். 2014, 2015இல் டப்ளினில் வரிசையாகப் பள்ளிகள் மூடிய பிறகுதான் பட்டியலும் மாணவர் பாதுகாப்புக் காப்பீடும் இறுகின. காப்பீட்டுக் கடிதம் இல்லாத பள்ளிக்குப் பணம் கட்டாதீர்கள். கனடாவில் ஆறு மாதம் வரையிலான மொழிக் கோர்ஸுக்கு ஸ்டடி பர்மிட் தேவையில்லை. ஆனால் மொழி மட்டும் படிக்கும் காலத்தில் வெளியே வேலை செய்ய முடியாது, பட்டப்படிப்பு முடிந்தபின் தரும் வேலை அனுமதிக்கும் அந்த மொழிப் படிப்பு கணக்கில் சேராது. வேலையை நம்பிக் கடன் வாங்குகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

இங்கேயே முடியுமா?

பி1 வரையிலான வேலையை இங்கே முடித்துவிட்டுப் போவதே நியாயம். அதே 200 மணி நேரத்துக்கு அங்கே பல மடங்கு செலவு, அதோடு சாப்பாடும் வாடகையும். ஆனால் கோச்சிங் சென்டரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் நடப்பவற்றில் பெரும்பாலானவை தேர்வுப் பயிற்சி: வாசிப்பில் 60 நிமிடத்துக்கு 40 கேள்வி, எழுத்தில் 60 நிமிடத்துக்கு 150 வார்த்தையும் 250 வார்த்தையும், பேச்சு 11 முதல் 14 நிமிடம். நேரத்தைக் கையாள இது உதவும். கேட்கும் திறனின் அடித்தளத்தை இது உயர்த்தாது. மனப்பாடமாகக் கொடுக்கும் கட்டுரைத் தொடக்கங்கள் உதவாததோடு கெடுதலும் செய்யும். பரிசோதகர்கள் அதை அடையாளம் காணப் பயிற்சி பெற்றவர்கள்.

பாலக்காட்டு வகுப்பில் மலையாளத்திலும் நாகர்கோவில் வகுப்பில் தமிழிலும் விளக்கம் ஓடுவதைக் குறை என்று சொல்ல மாட்டோம், இலக்கணத்துக்கு அது நல்லதே. பேச்சு வகுப்பும் அப்படியே ஓடினால் அந்த மணி நேரம் கணக்கில் சேராது. தமிழ் எழுத்தில் ‘வெஸ்ட்’ என்று ஒரே மாதிரி எழுதும் இரண்டு இங்கிலிஷ் சொற்கள் (ஒன்று மேற்கு, இன்னொன்று உள்சட்டை) காதுக்கு வேறு வேறு. அந்த வேறுபாட்டைத் தனி வகுப்பாகச் சொல்லித் தரும் ஆசிரியர் இருந்தால் கட்டணம் கொஞ்சம் கூடுதலானாலும் சேருங்கள். வெளிநாட்டு வகுப்புக்கும் இதே அளவுகோல்தான்: 15 பேரில் எட்டுப் பேர் மலையாளியும் தமிழருமாக இருந்தால் இடைவேளையில் இங்கிலிஷ் எங்கே பேசுவது? கடந்த செஷனில் எந்தெந்த நாட்டவர் இருந்தார்கள் என்று கேட்டால் பள்ளிகள் சொல்லும்.

கோர்ஸ் வாங்கும் முன் இரண்டு மலிவான வழிகளையும் பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு திறனில் அரை பேண்ட் குறைந்தால், கணினியில் எழுதியவர்கள் அந்த ஒரு திறனை மட்டும் 60 நாளுக்குள் மறுபடி எழுதலாம். சேர வேண்டிய பல்கலைக்கழகம் அதை ஏற்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். அடுத்தது பிளஸ் டூ இங்கிலிஷ் மார்க். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் அதைக் கொண்டே மொழித் தகுதியை ஏற்கின்றன, ஆனால் போர்டு வாரியாக. ஒரே குடும்பத்தில் அண்ணன் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு ஸ்டேட் போர்டு, தங்கை அந்தப் பக்கம் கேரள ஹயர் செகண்டரி என்றால், ஒருவருக்குக் கிடைக்கும் சலுகை மற்றவருக்குக் கிடைக்காமல் போகலாம். சிபிஎஸ்இக்கு ஒரு மார்க், ஸ்டேட் போர்டுக்கு இன்னொரு மார்க் என்றும் வைத்திருப்பார்கள்.

கன்சல்டன்சி, பணம், பெயர்

‘எங்களுக்கு ஃபீஸ் கிடையாது’ என்றால் பள்ளி கமிஷன் தருகிறது என்று பொருள். அதில் தப்பில்லை. கமிஷன் தராத பள்ளியின் பெயர் அந்த மேஜையில் வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பல்கலைக்கழகத் தளத்தில் இந்தியாவுக்கான ஏஜென்ட் பட்டியல் இருக்கும், அதில் அந்தக் கிளையின் பெயர் இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி உங்களுடையதாக இருக்கட்டும். ஏஜென்ட் தன் முகவரியைப் போட்டுவிட்டால் பள்ளி அனுப்பும் நிபந்தனைக் கடிதம் எதுவும் நேராக உங்களுக்கு வராது.

பெயர் விஷயம் நம் பக்கத்துக்கே உரிய தலைவலி. இனிஷியலோடு வளர்ந்தவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் விரிந்திருக்கும். தேர்வுப் பதிவு, சேர்க்கை, ஐ-20 எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியாது) என்று விழும், பிறகு வங்கிக் கணக்கு முதல் ஓட்டுநர் உரிமம் வரை அது கூடவே வரும். பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து எழுதுவதாக இருந்தால் தேர்வு எழுதும் முன்பே மாற்றிவிடுங்கள்.

கட்டணத்தைப் பள்ளியின் கணக்குக்கே வங்கி வழியாக அனுப்புங்கள், கன்சல்டன்சியின் கணக்குக்கு அல்ல. ரசீது மாணவர் பெயரில், மாணவர் எண்ணோடு வர வேண்டும். பதிவுக் கட்டணம், தங்குமிட ஏற்பாட்டுக் கட்டணம், கூரியர் போன்றவை பொதுவாகத் திரும்பாது. வகுப்புக் கட்டணம் திரும்புமா, விசா மறுப்புக் கடிதத்தை எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும், பணம் அதே கணக்குக்குத்தான் வருமா என்ற மூன்றையும் முதல் தவணை கட்டும் முன் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.